கட்டிப் புரளட்டும் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இடைவேளையில் பையன்கள் கட்டிப் புரண்டாலே 'ரௌடித்தனம்' என்று முட்டி போட வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. மிகவும் வருத்தமாக இருக்கிறது. சண்டை வேறு, சண்டை விளையாட்டு வேறு. விளையாட்டில் சிரிப்பு இருக்கும். மேலே ஏறி உட்கார்ந்தவன் அடுத்த நிமிடம் கீழே கிடப்பான். முடிந்த பிறகும் சேர்ந்தே திரிவார்கள்.

எலிகளின் விளையாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜாக் பாங்க்செப். ஒரே எலி எப்போதும் ஜெயிக்கப் பார்த்தால் ஆட்டம் மெல்லக் குறைந்துவிடும், தோற்கும் எலி அதைக் கண்டுகொள்ளாமல் போகும் என்றார் அவர். பலசாலி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் ஆட்டம் தொடரும். எலிக்குப் பொருந்துவதெல்லாம் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு அழுத்திப் பிடித்தால் வலிக்கும், 'விடுடா' என்றால் எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதைப் பையன்கள் உடம்பால்தான் கற்கிறார்கள். அறிவுரை வகுப்பில் அது வராது. சடுகுடுவில் எதிரணியே மடக்கிப் பிடித்தாலும் கழுத்தை நெரிக்கக் கூடாது, வாயைப் பொத்தக் கூடாது என்று விதி இருக்கிறதே!

ஒரே பையன் தினமும் அடிவாங்கினால் அது விளையாட்டில்லை. அங்கே ஆசிரியர் உடனே தலையிடத்தான் வேண்டும். அப்புறம், பெண் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டம் வேண்டும். அவர்களை ஓரமாக உட்கார வைக்காதீர்கள்.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதைப் பள்ளிகள் இந்த ஆண்டாவது நிறுத்தட்டும். மணல் கொட்டிய ஒரு சடுகுடு களமும், பக்கத்தில் நிற்க ஓர் ஆசிரியரும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை