வழி காட்டினவர் யாரு சார்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க சிறுவர் பக்கத்து க்விஸ்ல 'இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடித்தவர் யார்'னு ஒரு கேள்வி, என் பொண்ணு டக்குன்னு வாஸ்கோடகாமான்னு எழுதிட்டா, நானும் சின்ன வயசுல அதையே எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டு இந்தியாவுக்கு வந்த முதல் ஐரோப்பியர் அவர்தான், அதுல சண்டை இல்ல. ஆனா 1498 ஏப்ரல்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல மாலிந்திக்கு வந்தவருக்கு அதுக்கு மேல வழி தெரியாது சார். அந்த ஊர் ராஜா ஒரு மாலுமிய கூட அனுப்பினார், அந்த ஆளு 23 நாள்ல மலபார் கரையக் காட்டிட்டார்.

கள்ளிக்கோட்டையில மொதல்ல கரைக்கு அனுப்பின ஆளப் பாத்து, அங்க இருந்த வட ஆப்பிரிக்கா டூனிஸ் ஊர் வியாபாரிங்க ஸ்பெயின் பாஷையிலயே 'நாசமாப் போக, இங்க எங்கடா வந்தே'ன்னு கேட்டாங்களாம்! கூட வந்த ஒருத்தர் டைரியிலயே இது இருக்கு. கள்ளிக்கோட்டை ராஜா சாமூதிரிக்குக் கொண்டு போன பரிசு என்னன்னா கொஞ்சம் துணி, தொப்பி, பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன், அப்புறம் கை கழுவுற பேசின் ஆறு. அதிகாரிங்க சிரிச்சுட்டாங்க, மெக்காவுல இருந்து வர்ற ஏழை வியாபாரி கூட இதவிட ஜாஸ்தி குடுப்பான்னு சொல்லிட்டாங்க.

திரும்பறப்போதான் வெனை. காத்து மாறுற வரைக்கும் பொறுக்காம ஆகஸ்ட் கடைசியிலயே கெளம்பிட்டாங்க. வழியில கார்வார் பக்கம் இருக்கற அஞ்சதீவுல நின்னுட்டு அக்டோபர்ல விட்ட கப்பல் ஆப்பிரிக்கக் கரையப் பாக்க கிட்டத்தட்ட மூணு மாசம், ஈறு வீங்கி முப்பது பேர் செத்தாங்க, ஓட்ட ஆளில்லாம ஒரு கப்பலயே கொளுத்த வேண்டியதாச்சு. அதே கடல்தான், வர்றப்போ 23 நாள். வித்தியாசம் என்னன்னா காத்து எப்போ எந்தப் பக்கம் அடிக்கும்னு அரபு, குஜராத்தி, மலபார் மாலுமிங்களுக்கு பல நூறு வருஷமா அத்துப்படி.

(அதே வாஸ்கோடகாமா 1502ல திரும்பி வந்து, மெக்கா போய்ட்டு வந்த யாத்ரீகர் கப்பல ஆளுங்களோட எரிச்சார். சின்னப் பசங்க பக்கம், அத விட்டுடுங்க.)

அந்த வழிகாட்டி இபின் மஜீத்ங்கற பேர்போன அரபு மாலுமின்னு சில பேர் எழுதுறாங்க, ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கல, பழைய போர்த்துகீசிய வரலாறுங்க குஜராத்திக்காரர்னுதான் சொல்லுது. அடுத்த வாரம் விடை போடறப்போ வாஸ்கோடகாமா பேருக்குக் கீழ அந்த மாலுமியப் பத்தியும் ஒரு வரி போடுங்க சார்.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்