பயிற்சிப் பணிக்கு வருபவரைப் பயனர் எதிரில் உட்கார வையுங்கள்

பெறுநர்: சென்னையிலும் கோவையிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் வடிவமைப்புத் துறைத் தலைவர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வரும் ஜனவரியில் இறுதியாண்டு மாணவர்கள் பலர் பயனர் அனுபவ வடிவமைப்பில் (செயலிகளையும் அவற்றின் திரைகளையும் பயன்படுத்துவோருக்கு ஏற்ப அமைக்கும் யூஎக்ஸ் பணியில்) இன்டர்ன்ஷிப் செய்ய உங்கள் அலுவலகங்களுக்கு வருவார்கள். அவர்களுக்கு மடிக்கணினியும், திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளில் கணக்கும், வழிகாட்டி ஒருவரும் ஏற்பாடாகியிருக்கும். அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். தாம் வரைந்த திரையை முன்பின் அறியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் அதைப் பயன்படுத்துவதை அருகில் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு, முதல் மாதம் முடிவதற்குள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி வந்தவள். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். யூஎக்ஸ் என்ற சொல்லே எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. விடுதி அறையில் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, எல்லோரும் அறிந்த உணவுச் செயலி ஒன்றை என் விருப்பப்படி மாற்றி வரைந்து நண்பர்களிடம் காட்டினேன். ‘அழகாக இருக்கிறது’ என்பதைத் தவிர வேறொரு மதிப்பீட்டை நான் அப்போது கேட்டதில்லை. இன்று உங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இதே வழியில் வந்தவர்களுடையவை என்பது உங்களுக்குத் தெரியும். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் பயனர் அனுபவம் என்ற சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது 1993-இல்தான். அவ்வளவு இளைய துறை இது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இலும் பம்பாய் ஐஐடியின் தொழில்துறை வடிவமைப்பு மையம் 1969-இலும் தொடங்கப்பட்டவை என்றாலும், அங்கெல்லாம் இடம் கிடைப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் பொறியியலிலிருந்தும் விஷுவல் கம்யூனிகேஷனிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நீங்கள் தரும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்தான்.

என் முதல் இன்டர்ன்ஷிப் மூன்று மாதங்கள் நடந்தது. ஐகான்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, மூத்தவர்கள் முடிவு செய்த திரைகளில் வண்ணத்தை மாற்றுவது, ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொற்களை ஒட்டுவது ஆகியவையே என் வேலைகள். அந்தத் திரைகளை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கை வேகம் கூடியது. சான்றிதழிலும் பயனர் அனுபவ வடிவமைப்பு என்றே எழுதித் தந்தார்கள். ஆனால் அந்த மூன்று மாதங்களில் பயனர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

இரண்டாவதாகச் சேர்ந்த இடம் பன்னிரண்டு பேர் மட்டுமே இருந்த ஒரு சிறு நிறுவனம். சிறு மருத்துவமனைகளுக்கான செயலி ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். முகப்புத் திரையை வரையும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. புதிய பயனர் கணக்குத் தொடங்குவதற்கான ‘பதிவு செய்க’ என்ற பொத்தானைத் திரையின் மேற்பகுதியிலும், டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதற்கான ‘முன்பதிவு செய்க’ என்ற பொத்தானைக் கீழ்ப்பகுதியிலும் வைத்தேன். சேர்ந்த மூன்றாவது வாரம், என் வழிகாட்டி ஐந்து பேரை ஒருவர்பின் ஒருவராக வரச் செய்து, அவர்கள் நேரத்துக்கு உரிய தொகையும் கொடுத்து, என்னை அவர்கள் எதிரில் உட்கார வைத்தார்.

முதலில் வந்தவர் பூ விற்கும் ஓர் அம்மா. ‘உங்கள் பேத்திக்குக் காய்ச்சல், நாளைக் காலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்தப் போனில் என்ன செய்வீர்கள்?’ என்று வழிகாட்டி கேட்டார். பொத்தானில் இருக்கும் சொல்லைக் கேள்வியில் சொல்லிவிடக் கூடாது, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், தடுமாறினாலும் நாம் உதவக் கூடாது என்ற மூன்று விதிகளும் அதற்கு முன்பே எனக்குச் சொல்லப்பட்டிருந்தன. அந்த அம்மா மேலே இருந்த பொத்தானை அழுத்தினார். பெயர், வயது, கடவுச்சொல் என்று படிவம் வந்தது. முந்தைய திரைக்குத் திரும்பி மறுபடியும் அதே பொத்தானை அழுத்தினார். மூன்றாம் முறையும் அதே படிவம் வந்தபோது போனை மேசையில் வைத்துவிட்டு, ‘எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா’ என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். என் முகம் சூடேறியது. கீழே இருப்பதை அழுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். வழிகாட்டி என் பக்கம் திரும்பாமலேயே கையைச் சற்று உயர்த்தி நிறுத்தினார். சற்று நேரம் கழித்து, ‘ஏன் அதை அழுத்தினீர்கள்?’ என்று கேட்டார். ‘டாக்டரைப் பார்க்கணும்னா பேரைப் பதியணும்ல?’ என்றார் அந்த அம்மா.

அன்று வந்த ஐந்து பேரில் நான்கு பேர் அதே இடத்தில் நின்றார்கள். ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் தமிழில் ஒரே ‘பதிவு’க்குள் அடங்கிப்போனதை, தமிழ் பேசும் நாங்கள் பன்னிரண்டு பேரும் கவனிக்கவில்லை, திரையை ஆங்கிலத்தில் சிந்தித்து முடித்து, கடைசி நாளில் தமிழைப் பூசியதன் விளைவு அது. ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள் என்று ஐந்தாமவரிடம் கேட்டபோது, ‘டோக்கன் போடணும்’ என்றார். மறுவாரம் அந்தப் பொத்தானில் ‘டோக்கன் வாங்க’ என்று எழுதி வேறு சிலரிடம் கொடுத்தோம். ஒருவரும் தடுமாறவில்லை.

ஒரு சொல்லை மாற்றியதைப் பெரிதாகச் சொல்லுவதாகத் தோன்றலாம். அந்தப் பிற்பகலில் எனக்கு நேர்ந்தது அதைவிடப் பெரியது. திரையைப் பார்க்கும்போது அதன்முன் ஒரு மனிதரை உட்கார வைத்துப் பார்க்கும் பழக்கம் அன்றுதான் வந்தது. அதன்பின் தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்பதும், ஆங்கிலத்தில் ஆறேழு எழுத்துக்கு அளந்த பொத்தானில் ‘உறுதிசெய்க’ என்பது அடங்காமல் பாதியில் வெட்டுப்படும் என்பதும், வெயிலில் நிற்பவருக்கு வெளிர் சாம்பல் எழுத்து தெரியாது என்பதும் தாமாகவே கண்ணில் பட்டன. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்ற அணுகல் விதியை முந்தைய நிறுவனத்திலேயே படித்திருந்தேன்; அது யாருக்காக எழுதப்பட்டது என்பது இரண்டாவது இடத்தில்தான் புரிந்தது.

ஒருவர் வரைந்ததை மற்றவர்கள் விமர்சிக்கும் கிரிட்டிக் கூட்டங்களும் அதன்பின் வேறாயின. முன்பு என் வேலையைப் பிறர் குறைசொன்னால் என்னையே சொன்னதாக எண்ணிச் சுருங்குவேன். சோதனைக்குப் பிறகு, ‘இரண்டாமவர் இங்கே நின்றுவிட்டார், ஆகவே இதை இங்கே நகர்த்தினேன்’ என்று காரணம் சொல்ல முடிந்தது. எதிர்க்கருத்து வந்தால், அடுத்த சோதனையில் பார்ப்போம் என்று சொல்லவும் முடிந்தது. மூத்தவர்கள் எனக்குக் காது கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான். தொழிலில் நான் வளர்ந்தேன் என்று சொல்வதற்கு வேறு எந்த நாளையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

உங்கள் தரப்புத் தயக்கங்கள் எனக்குத் தெரியும். இப்போது நானும் பயிற்சிப் பணியாளர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் இருக்கிறேன். அனுபவமில்லாதவரை வாடிக்கையாளர் நிறுவனத்தின் முன் நிறுத்த முடியாது என்கிறீர்கள். வேண்டாம், பக்கத்துத் தெருக் கடைக்காரர், காவலாளி, உணவகத்தில் பணிபுரிபவர் ஆகியோரை அவர்கள் சம்மதத்துடன், அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுத்து அழையுங்கள். மெய்யான தரவு எதுவும் இல்லாத மாதிரித் திரையே போதும். நேரமில்லை என்பதும் முழுமையான காரணமாகாது. 5 பேரைக் கொண்ட ஒரு சோதனையிலேயே சுமார் 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியதை நீங்களே புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். 15 பேர் இருந்தால் ஐந்தைந்து பேராக மூன்று முறை சோதிக்கச் சொன்னவரும் அவர்தான். ஐந்து பேருக்கு ஒரு பிற்பகல் ஆகும். ஆறு மாதத்தில் மூன்று பிற்பகல்களை மட்டும் கேட்கிறேன்.

இதனோடு நெருங்கிய இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பயிற்சி முடித்துச் செல்பவர் அடுத்த வேலைக்குத் தம் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, காட்ட வேண்டும். ஆனால் சேரும் நாளில் கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஆறு மாத உழைப்பில் எதையும் வெளியே காட்ட விடுவதில்லை. என்னிடம் பயின்ற ஒருவர் நேர்காணலுக்குப் பழைய உணவுச் செயலிப் படங்களையே கொண்டுபோக நேர்ந்தது. தாம் உண்மையில் கற்றதை அவரால் அங்கே சொல்ல முடியவில்லை. நிறுவனத்தின் பெயரையும் எண்களையும் நீக்கி, எந்தச் சிக்கலைக் கண்டார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை எழுதிக்கொள்ளப் பயிற்சி முடிப்பவருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். கடைசி வாரத்தில் வழிகாட்டி அதைப் படித்து ஒப்புதல் தந்தால் இரகசியமும் காக்கப்படும்.

உதவித்தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட தொழிற்பழகுநர் விதிகள் பட்டதாரிப் பழகுநர்களுக்கு மாதம் 9,000 ரூபாயைக் கீழ்வரம்பாக வைத்தன. இன்டர்ன் என்ற பெயரில் வருபவர்கள் அந்த விதிகளுக்குள் வருவதில்லை என்பதால் பலர் ஒன்றும் பெறாமலேயே வேலை செய்கிறார்கள். சென்னையில் வீடு உள்ளவருக்கு அது இயலும். தருமபுரியிலிருந்து வந்து பெருங்குடியில் விடுதி வாடகை கட்டுபவருக்கு இயலாது. ‘டோக்கன்’ என்ற சொல் உங்கள் கூட்ட அறைக்குள் வர வேண்டுமானால், அந்தச் சொல்லைச் சொல்லி வளர்ந்தவர்கள் அங்கே உட்கார முடிய வேண்டும்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின்னணு வழியில் வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் முறை பார்வையற்றவர்களையும் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களையும் வெளியே தள்ளுவதைக் கண்டு, எண்ணிம (டிஜிட்டல்) அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. அந்தச் சரிபார்ப்பில் கண் சிமிட்டுங்கள் என்று கேட்கும் திரையை, சிமிட்ட முடியாதவர் கையில் முன்பே கொடுத்துப் பார்த்திருந்தால் அவர்கள் வழக்குமன்றம் செல்ல நேர்ந்திருக்காது என்று நம்புகிறேன். ஆகவே நான் கேட்கும் மூன்று பிற்பகல்களில் ஒன்றை மாற்றுத்திறனாளிகளுடன் செலவிடுங்கள்.

ஜனவரியில் வருபவர்களின் முதல் மாத அட்டவணையை நீங்கள் டிசம்பரிலேயே எழுதிவிடுவீர்கள். அதில் மூன்றாவது வாரத்தில் ஒரு பிற்பகலை இப்போதே ஒதுக்கிவையுங்கள். முதல் சோதனையை எப்படி நடத்துவது என்று வழிகாட்டிகளில் யாருக்கேனும் துணை வேண்டுமானால், நானே வந்து உடன் அமரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பயிற்சிப் பணியாளர் ஒருவர்,
பெருங்குடி, சென்னை