தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழில் ‘மின்தடை’ என்றால் பேட்டையில் மின்சாரம் நின்றுபோன செய்தி. பள்ளி இயற்பியலில் அதே சொல் ஓம் கணக்கில் வருகிறது. அந்த இரண்டாவது மின்தடையில் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் திறன், அதாவது சூடாக்கும் வேகம். இதுவரை குழப்பமில்லை. இதிலிருந்து பிறக்கும் இரண்டு சூத்திரங்கள்தான் எதிரெதிராக நிற்கின்றன. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் சூத்திரம் ‘கூடும்’ என்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பது ‘குறையும்’ என்கிறது. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்: மின்னோட்டம் என்றால் சூடு கூடும், மின்னழுத்தம் என்றால் குறையும்.

கெட்டிலின் அடியில் பாருங்கள்: ‘220–240 வோல்ட், 1850–2200 வாட்’ என்ற வகை எழுத்து இருக்கும். 240ஐ வர்க்கமாக்கி 2200ஆல் வகுத்தால் 26.2 ஓம். 220ஐ வர்க்கமாக்கி 1850ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதே 26.2. சூடேற்றும் சுருள் ஒன்றுதான், அழுத்தத்துக்கேற்பத் திறன் மாறுகிறது. சிங்கப்பூரில் நம் 230 வோல்ட்டில் அது 8.8 ஆம்பியர் இழுத்து, சுமார் 2,020 வாட் தரும்.

ஜப்பானிலிருந்து வாங்கிவந்த 100 வோல்ட், 1,000 வாட் சூடேற்றும் சாதனத்தின் தடை 10 ஓம். பிளக் அடாப்டர் முனைகளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இங்கே செருகினால் கணக்குப்படி 23 ஆம்பியர், 5,290 வாட். ஐந்து மடங்குக்கும் மேல்! சுருளோ ஃபியூஸோ ஏதாவது ஒன்று போய்விடும்.

தளர்ந்த சாக்கெட்டில் கதை வேறு. இணைப்பில் வெறும் 0.1 ஓம் கூடுகிறது என்று கொள்வோம். கெட்டிலின் 26 ஓமுக்கு முன் அது ஒன்றுமில்லை, மின்னோட்டம் 8.8 ஆம்பியரிலேயே நிற்கிறது. ஆனால் 8.8ஐ வர்க்கமாக்கி 0.1ஆல் பெருக்கினால் 7.7 வாட். அத்தனையும் ஒரு சிறு முனையில் குவிகிறது. பிளக் பழுப்பேறுவதும் கருகல் வாடை வருவதும் இதனால்தான். மின்னோட்டம் கூடாததால் பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளாது. பெரிய ஃபியூஸோ சிறிய ஃபியூஸோ தீர்வாகாது. முனையைத் தேய்த்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சாக்கெட்டை மாற்ற வேண்டும், கருகிய பிளக்கையும் சேர்த்து.

ஒரே எக்ஸ்டென்ஷனில் அந்தக் கெட்டிலும் 2,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 17.5 ஆம்பியர். இந்த அளவு மிகைக்கு ஃபியூஸ் உடனே அறுந்துவிடாது. அதுவரை சூடேறுவது கம்பியும் பிளக்கும்.

தடையை நேரடியாக அளக்க விரும்புவோர் கெட்டிலைச் சுவரிலிருந்து கழற்றி, பீடத்தில் வைத்து, சாதாரண சுவிட்ச் என்றால் அதை அழுத்திய பிறகு, பெரிய எர்த் முனையை விட்டு பிளக்கின் மற்ற இரு முனைகளில், ஓம் அளவுக்கு மாற்றிய மல்டிமீட்டரை வைக்கலாம். 26 ஓம் அருகே காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருளோ வெப்ப ஃபியூஸோ அறுந்திருக்கலாம். மின்விசிறி, குளிர்சாதனம் போன்ற மோட்டார் சாதனங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அளந்த ஓமை வைத்து அவற்றின் மின்னோட்டத்தைக் கணிக்க முடியாது. பழைய இழை பல்பும் ஏமாற்றும்: குளிர்ந்த நிலையில் அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

தங்கள் மாணவர் பக்கத்தில் இத்தகைய சாதன எழுத்து ஒன்றைப் படத்தோடு வெளியிட்டு, ஓமும் ஆம்பியரும் கணக்கிடச் சொல்லலாம். ‘எது மாறாமல் நிற்கிறது?’ என்பதையும் அந்தக் கணக்கின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

மின்பொறியாளர்,
உட்லண்ட்ஸ்