செயலாளரின் ஆண்டறிக்கை: நமது முதல் மோஷன் காமிக்ஸ்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். திருவாரூரில் இயங்கும் நமது ஓவியர் மன்றத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. அடைமழையால் ஒரு மாதம் விட்டுப்போனது. சுதந்திர தினத்தன்று சிறுவர் ஓவியப் போட்டியும் பொங்கலன்று கோலப் போட்டியும் நடைபெற்றன. நீர்வண்ண வகுப்புக்கு ஆள் சேராததால் அது நடக்கவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை மனுநீதிச் சோழன் கதையை மோஷன் காமிக்ஸாக, அதாவது படக்கதை ஓவியங்களில் சில பகுதிகளை மட்டும் அசைத்துக் காட்டும் படமாக, எடுத்ததுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவிலேயே சிலர் இதை "அரைகுறை அனிமேஷன்" என்றார்கள். செய்கிறதானால் முழு அனிமேஷனாகச் செய்வோம், இல்லையென்றால் புத்தகமாகப் போடுவோம் என்பது அவர்கள் கருத்து. முழு அனிமேஷனுக்கு விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்) வேண்டும். நான்கு நிமிடப் படத்துக்கு 5760 ஆகிறது. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால்கூட 2880 ஓவியம் வரைய வேண்டும். வரையத் தெரிந்து, ஒழுங்காகவும் வருகிறவர்கள் நம் மன்றத்தில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஆள் பற்றாக்குறையால் மட்டும் நான் மோஷன் காமிக்ஸைக் கேட்கவில்லை. கட்டத்துக்குள் ஓவியம் அசையாமல் நிற்க, அதில் ஒரே ஒரு பொருள் மட்டும் அசையும்போது பார்க்கிறவர் கண் நேராக அங்கே போகிறது. எதை அசைப்பது, எதை நிறுத்தி வைப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்தக் கலை. இது புதிதும் இல்லை. 1966-லேயே அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸ் ஓவியங்களை அப்படியே எடுத்து, வாயையும் கையையும் மட்டும் அசைத்துத் தொலைக்காட்சித் தொடராகக் காட்டியிருக்கிறார்கள்.

கதையைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் இந்தக் கதையை நான்கே வரிகளில் சொல்லிவிடுகிறாள். வாசல் மணியின் நாக்கு நடுங்கியது, பசுவின் கடைக்கண்ணில் நீர் வழிந்தது, அது அரசன் நெஞ்சைச் சுட்டது, பெற்ற மகனைத் தேர்ச்சக்கரத்தில் மடியவைத்தான். அவ்வளவுதான். எது அசைய வேண்டும் என்று இளங்கோவடிகளே எடுத்துக் கொடுத்துவிட்டார். கண்ணகி சொல்வது புகார் நகரத்தைத்தானே, அதைத் திருவாரூர்க் கதையாக எப்படிக் காட்டலாம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரியபுராணத்தில் சேக்கிழார், திருநகரச் சிறப்பில் இதைத் திருவாரூரில் நடந்ததாகவே பாடியிருக்கிறார். இந்தக் கதையைக் காட்டும் கல்தேரும் நம் ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கல்தேரின் முன் உட்கார்ந்து சக்கரத்தைப் பல கோணங்களில் வரைந்து எடுத்துக்கொண்டோம்.

வேலை நடந்த விதத்தையும் பதிவு செய்து வைக்கிறேன், அடுத்து எடுக்கிறவர்களுக்கு உதவும். தாளில் மையால் வரைந்து, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஓவியத்தையும் அடுக்குகளாகப் பிரித்தோம். முன்னால் தூண், நடுவில் ஆள், பின்னால் கோபுரம் என்று மூன்று அடுக்கு. கேமரா பக்கவாட்டில் நகரும்போது தூண் வேகமாகவும் கோபுரம் மெதுவாகவும் நகர்ந்தால் தட்டையான தாளுக்கு ஆழம் வந்துவிடுகிறது. ஆளை வெட்டி எடுத்த இடத்தில் ஓட்டை விழும். அங்கே பின்னால் இருக்கிற சுவரைப் புதிதாக வரைந்து அடைக்க வேண்டும். நேரத்தைத் தின்றது இதுதான்.

மணியில் நாக்கை மட்டும் தனி அடுக்கில் வைத்து, அது தொங்கும் கொக்கியில் சுழல்புள்ளியை நிறுத்தினோம். மணி அசையாது, நாக்கு மட்டும் நடுங்கும். கண்ணீர்தான் கடினம். துளி ஒரே வேகத்தில் இறங்கினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. கண்ணோரத்தில் தேங்கி, கொஞ்சம் கனத்து, நின்று, அப்புறம் சட்டென்று வழிந்து, கன்னத்து மயிரில் பட்டு மறுபடி தயங்க வேண்டும். நம் கல்லூரி மாணவி உறுப்பினர் ஒருவர் அந்தச் சில விநாடிகளுக்காக மட்டும் வாரக்கணக்கில் உட்கார்ந்தார். அவருக்கு மன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்து. வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளில் தமிழில் தட்டினால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து நின்றது. வசனத்தைக் கிம்ப் என்ற பட மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக மாற்றி ஒட்டியதும் சரியாகிவிட்டது.

ஒலிக்கு, நம் ஆழித்தேர் ஓடும்போதே பதிவு செய்யலாம் என்று போனோம். 96 அடித் தேர். சக்கரம் உருளும் ஓசை கிடைத்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதால் அந்த இரைச்சல்தான் பதிவாகியிருந்தது. கடைசியில் வீட்டு அம்மிக்கல்லைத் தரையில் இழுத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் சுருதியைக் கீழே இறக்கிச் சக்கர ஓசை ஆக்கினோம். திரையிடலில் யாரும் அதை அம்மி என்று கண்டுபிடிக்கவில்லை.

குரல் விஷயத்தில் வருத்தம் உண்டு. அரசனுக்கு நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் குரல் கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தி, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, அந்த வயதிலும் வியர்க்க வியர்க்கப் பேசினார். அமைச்சர் குரலுக்கு ஒப்புக்கொண்ட உறுப்பினரோ ஞாயிறு வருகிறேன், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரசன் ஆணையிட்டும் இளவரசனைக் கொல்ல மனமில்லாமல் தன் உயிரை விடும் அமைச்சர் பாத்திரம் அது. கதையின் பாரமே அந்த அமைச்சர் மேல்தான். பொருளாளர் மனமிரங்கிப் பேசிக் கொடுத்திருக்காவிட்டால் படம் இன்றும் முடிந்திருக்காது. வர முடியாது என்றால் வர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். காத்திருக்க வைப்பதுதான் மற்றவர்களின் உழைப்பை வீணாக்குகிறது.

படம் கோடை விடுமுறையில் திரையிடப்பட்டது. குழந்தைகள் நிறைய வந்தார்கள். அதை அரைகுறை என்று சொன்னவர்கள் யாரும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பார்த்துவிட்டுக் குறை சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு கேட்டிருப்பேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சுருக்கமாக, வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இதற்கு மோஷன் காமிக்ஸ்தான் காரணம் என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கிம்ப், கிருதா, ஓப்பன்டூன்ஸ், ஆடாசிட்டி என்று நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் எல்லாமே இலவசம். ஓப்பன்டூன்ஸ் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய மென்பொருளின் வழி வந்தது. 2016-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கணினி என் வீட்டுடையது, மின்கட்டணமும் என்னுடையது. மன்றத்துக்கு ஆன செலவு தாள், மை, புரொஜெக்டர் வாடகை மட்டுமே. பற்றாக்குறைக்குக் காரணம் சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய்; பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டுப் பாக்கியும் நிற்கிறது. பெயர்களை இங்கே படிக்க விரும்பவில்லை.

திரையிடலுக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற துணைத்தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், எல்லாக் கூட்டங்களுக்கும் நாற்காலி எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு நமிநந்தி அடிகள் கதையை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எண்ணெய் கிடைக்காமல் கமலாலயக் குளத்து நீரை முகந்து வந்து விளக்கெரித்த நாயனார் அவர். சுடர் அசையும், குளத்து நீர் அசையும், மற்றதெல்லாம் நிற்கும். மோஷன் காமிக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான கதை நம் ஊரில் இல்லை. ஆனால் இந்த முறை ஒரு நல்ல மைக் வேண்டும். என் கணினி பழசாகிவிட்டது, பெரிய கோப்புகளைத் திறக்கவே திணறுகிறது. வீட்டில் சும்மா இருக்கிற கணினி யாரிடமாவது இருந்தால் சொல்லலாம். அடுக்கு பிரிக்க இரண்டு பேர், குரல் கொடுக்க நாலு பேர் வேண்டும். அனுபவம் தேவையில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். அப்படி ஆட்கள் சேர்ந்தால்தான் செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதில் அர்த்தம் இருக்கும். சேராவிட்டால், பொறுப்பை ஏற்க முன்வருகிறவருக்குக் கோப்புகளையும் ஓவியங்களையும் முழுமையாக ஒப்படைத்துவிடுவேன்.

சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அரைமணி நேரம் அவர் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்