மீட்டர் வெளியே வரட்டும், எந்தச் சுவருக்கு?

எங்கள் கடற்கரை ஊர்களின் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் இருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கும், லைன் இன்ஸ்பெக்டர், வயர்மேன் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். மண்டபம் முதல் ராமேசுவரம் வரை வேலை இருக்கும். கூப்பிட்டால் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமும் போவேன். இப்போதெல்லாம் போன் வந்தாலே பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, மீட்டரை வெளியே மாத்தணுமாம், வந்து பாத்துச் சொல்லுங்க." பீரோவுக்குப் பக்கத்திலும் சாமி படத்துக்குக் கீழேயும் இத்தனை வருடம் இருந்த மீட்டரை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது தப்பு என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. வெளியே வரட்டும். ஆனால் இந்தக் கடற்கரையில் 'வெளியே' என்பதைத் தெருவைப் பார்த்த சுவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

வெளியே வருவதில் நன்மை உண்டு. பாம்பன் பக்கம் பகலில் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். ஆண்கள் கடலுக்கு, பெண்கள் பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போயிருப்பார்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் 'டோர் லாக்' என்று எழுதிவிட்டுப் போவார், பழைய கணக்கை வைத்துப் பில் வரும். அடுத்த முறை தகராறு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விகிதம் ஏறிவிடும். அதனால் ரீடிங் நாலு நாள் தள்ளிப்போனாலே சில வீடுகளுக்கு வலிக்கும். கீழக்கரையில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் கூடம்வரை ஓர் அந்நிய ஆள் வந்து நிற்பது இரண்டு பக்கமும் சங்கடம். தீப்பிடித்தால் அக்கம்பக்கத்தார் கதவை உடைக்காமல் மெயினை இறக்கலாம். சரி, இதிலெல்லாம் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

இனி உப்புக்கு வருவோம்.

வடகரையில் ஒரு வீட்டில் வாசலைப் பார்த்த சுவரில் தகரப் பெட்டிக்குள் மீட்டர் இருந்தது. கீல் துருப்பிடித்து மூடி கழன்றுவிட்டதால் வலைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துத் திறந்தால் மேல் மூலையில் ஒரு குளவிக்கூடு. வயரை இறுக்கிப் பிடிக்கும் டெர்மினல் பித்தளை ஸ்க்ரூவின் தலை தெரியாத அளவுக்குப் பச்சைக் களிம்பு. சர்வீஸ் வயரின் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, பிடி தளர்ந்து, அந்த இடத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. வெயில் நேராக அடிக்கிற சுவர் என்பதால் டிஸ்பிளே கறுத்துப்போய் எண் பாதிதான் தெரிந்தது. ரீடிங் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று வெளியே வைத்த மீட்டர், ரீடிங்கே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது.

இது நடக்கிற விதம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உப்புத் தூசி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அலுமினியமும் பித்தளையும் தொடுகிற இடத்தில் அந்த ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்கும். அரித்தால் பிடி தளரும், தளர்ந்தால் சூடாகும், சூடானால் கருகும். உள்ளூரில் அதை 'மீட்டர் எரிஞ்சுபோச்சு' என்பார்கள். யார் எரித்தது என்ற கேள்வி அப்புறம் வரும், அதற்கு வருகிறேன்.

வீட்டுக்குள் வைக்கிற மீட்டருக்கு ஐபி 51 பாதுகாப்பு போதும், வெளியில் என்றால் ஐபி 54 வேண்டும் என்பது தரநிலை. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 1 என்றால் மேலிருந்து நேராகச் சொட்டுவதைத் தாங்கும், 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றபோது மழை மேலிருந்தா பெய்தது? பக்கவாட்டில் அல்லவா அடித்தது! உள்ளே இருந்த அதே மீட்டரைக் கழற்றி வெளியே மாட்டினால் குறையை ஈடுகட்ட வேண்டியது பெட்டிதான். கடையில் மலிவாகக் கிடைக்கிற தகரப் பெட்டி எங்கள் ஊரில் சில வருடம் தாங்கினால் பெரிய விஷயம். ரப்பர் கேஸ்கட் வைத்த பாலிகார்பனேட் பெட்டி, துருப்பிடிக்காத ஸ்க்ரூ, வயர் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் வளையம்) வழியே நுழைவது, நுழையும் முன் வயரை ஒரு தொங்கல் விட்டு ஏற்றுவது, இவ்வளவுதான் தேவை. மேலே துளை போட்டு வயரை இறக்கினால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நேராக டெர்மினலுக்கு வந்துவிடும். இதை எழுத்தில் ஒரு தாளாக விண்ணப்பத்தோடு கொடுத்துவிடுங்கள். நான் சொன்னால் வீட்டுக்காரர், "நீ ஜாஸ்தி காசு பாக்கச் சொல்றே" என்கிறார்.

இந்தக் காற்றின் வேலையை நம்பாதவர்கள் பாம்பன் பாலத்தைப் பார்க்கலாம். 1914-இல் திறந்த ரயில் பாலத்தை அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரோடு நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே தனிக் கவனம் வேண்டியிருக்கும்போது எங்கள் மீட்டர் பெட்டிக்கு மதுரையில் செல்லுபடியாகிற அளவுகோலையே வைத்தால் எப்படி?

சுவர் விஷயத்தை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே கரைக்கு ஒரு காற்று. பாக் விரிகுடாப் பக்கம், தொண்டி, தேவிபட்டினம் கரையில் ஐப்பசியிலிருந்து வாடைக் காற்று வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் உப்பை அப்பும். மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில் ஆனி ஆடியில் வீசும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக்குத் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் மாட்டிக்கொள்ளும். ராமேசுவரம் தீவுக்கு இரண்டும் உண்டு. வீட்டுக்கு வீடு வாசல் மாறும், தெரு மாறும். ஆகவே 'தெருவாசல் சுவர்' என்று ஒரே வரியில் சொல்வது சில வீடுகளுக்குச் சரி, சில வீடுகளுக்கு மீட்டரைக் காற்றுக்கு நேரே நிறுத்துவது போல. சார்ப்பு அல்லது போர்டிகோவின் கீழ், காற்று நேராக அடிக்காத பக்கச் சுவரில், கேட்டைத் திறந்து நாலு எட்டு வைத்தால் எண் தெரிகிற உயரத்தில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். ரீடிங் எடுப்பவர் வீட்டுக்குள் நுழைய வேண்டாம் என்பதுதானே நோக்கம், அது இதிலேயே நிறைவேறும். எட்டட்டும் என்று ரொம்பக் கீழே இறக்கியும் வைக்கச் சொல்லாதீர்கள். 2024 நவம்பரில் ராமேசுவரம், பாம்பன் தெருக்களில் தண்ணீர் நின்றதை எல்லாரும் பார்த்தோம்.

பழைய பவளக்கல் சுவர் வீடுகளைத் தனியாகப் பாருங்கள். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதில் பெட்டியை ஒட்டி அடித்தால் பின்பக்கத்திலிருந்தே ஊறும். பலகையோ இடைவெளியோ விட்டு மாட்ட வேண்டும். ஓலைக் குடிசைக்குச் சுவரே கிடையாது, வாசலில் ஒரு கல்தூண் நட்டால் முடிந்தது.

எர்த் விஷயத்தையும் மறந்துவிடுகிறோம். மீட்டரை மாற்றும்போது பழைய எர்த் வயரையே நீட்டி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, என் தொழில்காரர்களும்தான். கரை மணலில் எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மேலே நன்றாகத் தெரியும், தோண்டினால் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது. கோடையில் மணல் காய்ந்தால் இன்னும் மோசம். மீட்டர் இடம் மாறுகிற அன்றே எர்த்தை மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) சோதித்து அளவை அட்டையில் எழுதுவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் அதைப் போடச் சொல்வது, இரண்டையும் வழக்கமாக்கினால் நல்லது. எப்படியும் அன்றைக்கு லைனை நிறுத்தத்தானே போகிறீர்கள்.

இனி பொறுப்பு. மத்திய மின்சார ஆணையம் 2006-இல் கொண்டுவந்த மீட்டர் ஒழுங்குமுறையில், நுகர்வோரின் இடத்துக்கு வெளியே மீட்டரை வைத்தால் அதன் பாதுகாப்பு உரிமதாரரைச் (இங்கே மின்வாரியத்தைச்) சேரும் என்றும், நுகர்வோர் கேட்டால் உபயோகத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குள் ஒரு டிஸ்பிளே கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிற மீட்டருக்குச் சூழ்நிலை அனுமதிக்கிற அளவுக்கு நாங்கள் கவனம் எடுக்க வேண்டும், அதுவும் நியாயம். ஆனால் உப்புக் காற்று எங்கள் சூழ்நிலையில் சேர்த்தியா இல்லையா? நீங்கள் காட்டிய சுவரில், நீங்கள் ஒத்துக்கொண்ட பெட்டியில் வைத்த மீட்டரின் டெர்மினல் களிம்பேறிக் கருகினால், அதை வீட்டுக்காரர் தவறு என்று எழுதாமல் அரிப்பு என்று எழுதுங்கள். சீல் கம்பி துருப்பிடித்துத் தானே அறுந்துபோவதும் உண்டு. அறுந்த சீலைப் பார்த்ததும் திருட்டுக் கணக்கு ஆரம்பிக்கும் முன், கம்பியின் முனை வெட்டுப்பட்டதா, உதிர்ந்ததா என்று ஒருமுறை பாருங்கள். இங்கே அதற்குப் பிளாஸ்டிக் சீல்தான் பொருத்தம்.

மக்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: சீலைத் தொடாதீர்கள், விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டுங்கள், மீட்டரை வாரிய ஆள்தான் கழற்ற வேண்டும், மெயின் சுவிட்சுக்கு உள்பக்கம்தான் எங்கள் வேலை என்று. அதில் அவசரப்பட்டு யாரும் தானே கழற்றி மாட்டாமல் இருக்க, விண்ணப்பத்துக்கும் ஆள் வருவதற்கும் இடையில் நாள் குறைந்தால் உதவி.

ஆடிக் கச்சான் ஓய்ந்து ஐப்பசி வாடை எழும்புவதற்குள் ஒரு நாள் ஒதுக்கி, ஊருக்கு ஒரு தெருவாவது எங்களோடு நடந்து பாருங்கள். எந்தச் சுவர் என்பதை அங்கேயே சாக்பீஸால் குறித்துவிடலாம். ஏணியும் மெக்கரும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வயரிங் தொழிலாளி ஒருவன்