வாசகசாலை மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் உள்ள நம் வாசகசாலையின் மண்டப வேலை முடிந்துவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஆட்டம் கண்ட கூரை, அப்புறம் ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒழுகியது. முதலில் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மழைக்கே பழைய கதைதான். கொடுத்த முன்பணம் திரும்ப வரவில்லை. விசாரிக்காமல் கொடுத்தது குழுவின் தவறு.

இரண்டாம் முறை பழைய பாணியிலேயே செய்தோம். மக்கிப்போன தேக்குக் கட்டைகளை மாற்றி, செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்டோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டினார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. இந்த ஐப்பசியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

சுவர், ஜன்னல், மின்சார வேலைகளும் முடிந்தன.

இனி மண்டபத்தில் மாட்டியிருக்கும் படம் பற்றி. ஆர். கே. சண்முகம் செட்டியாரின் படத்தை எடுத்துவிடலாமே, கோயம்புத்தூர்க்காரருக்குக் கடலூரில் என்ன வேலை என்று இரண்டு கூட்டங்களில் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான்.

1892-ல் ஆலைத்தொழில் குடும்பத்தில் பிறந்தவர். கோவை நகராட்சியில் தொடங்கி, சென்னைச் சட்டமன்றம், டில்லி மத்திய சட்டசபை என்று ஏறி, 1933-ல் அந்தச் சபைக்கே தலைவரானார். அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். கொச்சி திவானாக ஆறு ஆண்டுகள் இருந்தார். 1944-ல் உலக நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் வழிவகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் இருந்தார். காங்கிரஸ்காரர் அல்லாத அவரைத்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆக்கினார்கள். 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டைப் படித்தார். பிரிவினையால் அகதிகள் வந்துகொண்டிருந்த நேரம். ஏழரை மாதக் கணக்கில் வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. துண்டு விழுவதை மறைக்காமல் சபையில் சொன்னார். 1948 ஆகஸ்டில் பதவி விலகினார்.

இவ்வளவும் இருந்தும், நம் மூத்தவர்கள் படத்தை மாட்டியது வேறு காரணத்துக்காக. 1941-ல் நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற அந்த இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். பூம்புகாரும் நம் கடற்கரையில்தானே, தெற்கே கொஞ்ச தூரம். மாலையில் தேவாரம் பாடும் மண்டபத்தில் அவர் இருப்பதே பொருத்தம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

படத்தின் பின்பலகையை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. புதுப் பலகை, புதுக் கண்ணாடி போட்டு, பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கும் ரசீதுக் கட்டும் அதன் கீழே உள்ள அலமாரியில் இருக்கின்றன; சாவி நூலகரிடம். போன முன்பணமும் அதில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது.

திருப்பணிக் குழு