பாதியில் திரும்புகிறவருக்கும் இடம் வையுங்கள்: நினைவு மலைநடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மறைந்த நண்பரின் பெயரில் நிதி திரட்ட மலையேறப் போகும் குழுவினருக்கு,

வணக்கம். இறந்துபோன நண்பருக்காக ஏறும் மலையில் ஒரு தனி ஆபத்து உண்டு. மற்ற நாளில் "முட்டி வலிக்கிறது, இறங்குகிறேன்" என்று சொல்லிவிடுகிறவர்கூட அன்றைக்கு வாயைத் திறக்கமாட்டார். அவனுக்காக இதுகூட முடியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை பேசியிருந்தால் அந்த நெருக்கடி இன்னும் கூடும். எனவே தூரக் கணக்கை விட்டுவிட்டு, மொத்தத் தொகையாக வாங்குங்கள். நடப்பவர் எங்கே திரும்பினாலும், மழையால் நடையே நின்றாலும், பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் தனிநபர் கணக்குக்கு வராமல் நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். பயணச் செலவை நடப்பவர்களே ஏற்பது நல்லது. நன்கொடையிலிருந்து எடுக்கத்தான் வேண்டுமென்றால், எவ்வளவு என்பதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரிடம் மூன்று சம்மதங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயருக்கு, படத்துக்கு, இறப்பின் காரணத்தை வெளியே சொல்வதற்கு. முதல் இரண்டுக்குத் தலையசைத்தவர்கள் மூன்றாவதை விரும்பாமல் இருக்கலாம்.

நினைவு நாளன்றே ஏற வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அந்த நாள் மழைக்காலத்திலோ கடும் வெயிலிலோ வந்தால், வானிலை ஒத்துவரும் மாதத்துக்கு நடையைத் தள்ளுங்கள். மாற்று நாள் ஒன்றையும் சேர்த்தே அறிவித்தால்தான், புயல் வந்த காலையில் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு வரும்.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த முறை இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போக 10 கி.மீ., ஏற்றம் 1,200 மீட்டர் என்றால் ஏற 4 மணி நேரம், இறங்க 2. ஆனால் இது உடல் பழகிய ஒருவர் நிற்காமல் நடக்கும் வேகம். பலதரப்பட்டவர்கள் சேர்ந்த குழுவுக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள்: ஏற 6, இறங்க 3. காலை 6 மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் உச்சி. மாலை 6 மணிக்கு இருட்டும் என்றால், இரண்டு மணி நேரம் கையிருப்பாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பகல் 1 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பியாக வேண்டும்.

அந்த முடிவை உச்சிக்குக் கீழே 200 மீட்டரில் எடுக்கவைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். பாதி வழியிலேயே எடுங்கள். காலை 9.30க்குள் பாதியை எட்டாதவர், அதே வேகத்தில் போனால் 1 மணிக்குள் உச்சியைத் தொடமாட்டார். அவரை அங்கேயே திருப்புங்கள், ஆனால் தனியாக அனுப்பாதீர்கள். கூட இறங்க இருவரை முதல் நாளே நியமியுங்கள். இறந்தவரோடு நெருங்கிப் பழகாதவர்களாக அவர்கள் இருந்தால் நல்லது. உச்சியை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு அவ்வளவு வலிக்காது.

வழி தெரிந்த ஒருவர் முன்னால், இன்னொருவர் எல்லோருக்கும் கடைசியாக. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். ஓய்வு பத்து நிமிடம் என்றால், கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே கடிகாரம் ஓடட்டும். இல்லாவிட்டால் மெதுவாக வருபவர் வந்து சேரும்போது மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு முக்கால் பங்கு தூரத்தை ஒரே நாளில் நடந்து பாருங்கள். அதன்பின் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏற்றத்தையே பழகுகிறார்கள், தொடையை முறிப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், அடுத்த ஓரிரு நாளில் வலி உச்சத்துக்குப் போகும். சோர்ந்த கால் தடுக்குவதும் அப்போதுதான். படிக்கட்டோ சரிவோ, வாரத்தில் இரண்டு நாள் இறங்கிப் பழகுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி அணிய அச்சிடும் நினைவுப் பனியன் பருத்தியாக இருக்க வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, காற்றடித்தால் உடம்பைக் குளிரவைத்துவிடும். புதுப் பூட்ஸ் அன்றைக்கு முதல்முறையாகக் காலில் ஏறக்கூடாது. குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள், கொப்புளம் கிளம்பிய பிறகு போட்டுப் பெரிய பயனில்லை. தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் குடிக்கவைப்பது உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொருவரிடமும் விசிலும் தலைவிளக்கும் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு: மலையில் உதவி கேட்கும் குறி இது. பதில் மூன்று ஊதல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் இடிமழை 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. முகட்டை விட்டு இறங்கி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள்.

இன்னொன்று, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டியது. நண்பர் இளம் வயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால், அதற்கான காரணம் பரம்பரையாக வருவதாக இருக்கலாம். அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பெற்றோரும் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே ஏறட்டும். நடையின்போது மயங்கி விழுவதை வெறும் களைப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

உச்சியில் எதையும் விட்டுவராதீர்கள். பலூன், பிளாஸ்டிக் பூ, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். கல் அடுக்கி வைத்தால் பின்னால் வருபவர் அதைப் பாதைக் குறி என்று நம்பி வழி தவறக்கூடும். அஸ்தியில் பாஸ்பேட் அதிகம். மலைமுகட்டின் மெலிந்த மண்ணில் பலர் பல ஆண்டு தூவினால் அங்கு முளைக்கும் செடிகளே மாறிப்போகும்.

நினைவஞ்சலியையும் உச்சியில் வைக்க வேண்டாம். 1,200 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 7, 8 டிகிரி குறையும். வியர்த்த உடம்போடு காற்றில் அரை மணி நேரம் நின்று அழுதவர்கள், விறைத்த கால்களோடு இறக்கத்தைத் தொடங்குவார்கள். மேலே கால் மணி நேரம் போதும். அவரைப் பற்றிப் பேசுவதைக் காலையில் அடிவாரத்திலேயே, முதல் அடி வைப்பதற்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். மலையேற முடியாத அவருடைய பெற்றோரும் அங்கே இருப்பார்கள், 9.30க்குத் திரும்பப் போகிறவரும் இருப்பார்.

அன்புடன்,
மலைநடைகளில் வழிகாட்டிகளாகவும் முதலுதவியாளர்களாகவும் உடன் வருபவர்கள்